கால்வாய் மேல் ஒரு சமையலறை

எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிய முறை நான் கவுன்சிலர் ஆனேன். அரசியல் ஆசை எனக்கு இருந்ததில்லை. கரையில் காலை நடைக்கு வரும் பெண்கள் கூடிப் பேசி, கூட்டத்தில் பயப்படாமல் வாய் திறக்கக்கூடியவள் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவை எடுக்க வைத்தது அக்கா.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீடு. அவள் கணவரும் என் கணவரும் ஒரே பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள். நான் மதுரைப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக வந்து இறங்கிய அன்று, பூட்டைத் திறந்தும் கதவு அசையாமல் நாங்கள் இருவரும் வாசலில் நின்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, கதவைக் காலால் ஓர் உதை விட்டுத் திறந்து கொடுத்தவள் அவள். திருநெல்வேலிக்காரி. "மழ பெஞ்சா எல்லாக் கதவும் இப்படித்தாம்ட்டி. ஒதச்சாத்தான் தொறக்கும்" என்றாள். அதன் பிறகு எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளும் பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் உலை வைப்போம். மறுபடி ஊதினால் குழந்தைகளை எழுப்புவோம். தீபாவளிக்கு என் வீட்டில் அதிரசம், அவள் வீட்டில் முந்திரிக்கொத்து என்று பங்கு பிரித்துக்கொண்டோம்.

குழந்தைகள் வளர்ந்த பிறகு சொந்த வீடு என்ற பேச்சு வந்தது. பட்டாபிராமைத் தாண்டி ஓர் ஏரிக்கருகே மனை விற்கிறார்கள் என்று அக்காதான் கண்டுபிடித்து வந்தாள். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம். ஏரியைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய்களில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வம். இங்கே கரை ஏறி நின்றால் எதிர்க்கரையில் மேயும் எருமைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவ்வளவு அகலம். நடுவில் தாமரை. ஓரத்துச் சம்புக் கோரைக்குள்ளிருந்து தாழைக்கோழி கத்தும். ஐப்பசி பிறந்து ஏரி நிரம்பிவிட்டால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாகச் சரிந்து விழும் ஓசை வீட்டுக்குள் கேட்கும். முதல் வருடம் மழை என்று நினைத்துக் கொடியிலிருந்த துணிகளை எடுக்க ஓடினேன். வெளியே நல்ல வெயில்.

அந்தக் கலங்கல் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போவதற்கு ஒரு கால்வாய் இருந்தது. இரண்டு குடும்பமும் ஒரே தெருவில் மனை வாங்கினோம்; அக்காவின் மனை கால்வாயின் ஓரம். மனை விற்றது பழைய ஊர்க் குடும்பம் ஒன்று. ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்தவர்கள். வயலை மனைகளாகப் போட்டுவிட்டு எருமைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டு மூத்தவர் அக்காவிடம், "பின்னாடி கால்வா சும்மா கெடக்குதும்மா. தண்ணியே வராது. வோணும்னா ஒரு ரூம் இழுத்துக் கட்டிக்கோ, எவன் கேக்கப் போறான்?" என்றார். எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். அக்கா கால்வாயின் குறுக்கே கற்பலகைகளைப் போட்டு, அதன் மேல் சமையலறையும் குளியலறையும் கட்டினாள்.

என் வாழ்க்கையில் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்த இடம் என் வீடு இல்லை, அந்தச் சமையலறைதான். மூன்று பக்கமும் ஜன்னல். மழைக்காலத்தில் காலுக்கடியில் தண்ணீர் சலசலக்கும். "எங்க தாமிரபரணிய விட்டுட்டு வந்தேம்லா. அதான் ஆண்டவன் என் அடுப்படிக்குக் கீழயே ஒண்ண ஓட விட்டுட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள். கரையில் வலையிலிருந்து எடுத்த கெண்டையை உயிரோடு வாங்கி வந்து, பின்படியில் உட்கார்ந்து சாம்பல் போட்டு உரசுவாள். செதில்கள் தண்ணீரில் மிதந்து போகும். குழம்பு கொதிக்கிற வரை நான் ஜன்னல் மேடையில் உட்கார்ந்து வார இதழ் படித்துக் காட்டுவேன். என்னைத் தேர்தலில் நிற்கச் சொல்லி அவள் சண்டை போட்டதும் அங்கேதான்.

"பேச்சுக்குத்தாட்டி உனக்குப் படிப்பு? நகராட்சியில போயி அவனுவகிட்ட பேசு."

ஜெயித்தேன். ஜெயித்த பிறகு நான் முதலில் செய்த காரியம் எங்கள் நகராட்சியின் குப்பை லாரியையே மறித்தது. ஏரியின் தென்மூலையில் குப்பை கொட்டுவது ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பின்வாங்கி, குப்பை முன்னால் வந்து, நத்தைகுத்தி நாரைகள் நின்ற இடத்தில் நாய்கள் நின்றன. ஒரு நாள் காலை நடைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் லாரிக்கு முன்னால் நின்றோம். டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா மேடம் இது, நம்ம ஆபீஸ் வண்டிய நீயே மறிச்சா நா யார்கிட்ட போய் சொல்றது?"

"என்கிட்டதான் சொல்லணும். சொல்லுங்க" என்றாள் என் பின்னாலிருந்து அக்கா, என்னவோ தானே கவுன்சிலர் மாதிரி. டிரைவர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். லாரி திரும்பிப் போனது. ஆணையர் என்னைக் கூப்பிட்டு, முதலில் கோபப்பட்டார். பிறகு, மாற்று இடம் பார்க்க இதையே சாக்காக வைத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர். மழை வருவதற்குள் அங்கே கொட்டுவது நின்றது. கொட்டினதை அள்ளி எடுக்கத்தான் நெடுநாள் ஆயிற்று.

ஆனால் அந்த மழை எங்களைச் சும்மா விடவில்லை. விடாமல் பெய்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. வழிந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. கால்வாய் நெடுக வீடுகள், குளியலறைகள், மாட்டுக்கொட்டகை. தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் வந்தது. அக்காவின் சமையலறையில் பலகை இடுக்குகள் வழியாகத் தண்ணீர் ஊற்றுப் போலப் பீறிட்டது. அவள் குடும்பம் எங்கள் மாடிக்கு வந்தது. அடுப்பு, அரிசி மூட்டை, சாமி படம் எல்லாவற்றையும் நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வந்தோம். தெருவில் சிலர் கடப்பாரையோடு கிளம்பிவிட்டார்கள். "ஏரிக் கரைய வெட்டி வுடு, எல்லாம் சரியாப் பூடும்" என்று ஒரே கூச்சல். கரையை வெட்டினால் மொத்த ஏரியும் தெருவுக்குள் வரும் என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். கடைசியில் எருமைக்கார வீட்டு மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைமேல் போய் உட்கார்ந்துவிட்டார். "எவனாவது கடப்பாரைய வெச்சுப் பாரு" என்றார். பக்கத்து வார்டு கவுன்சிலர் அவர்தான். எதிர்க்கட்சிக்காரர். அதுவரை கூட்டத்தில் நான் என்ன சொன்னாலும், "ஏரி இன்னா உங்க ஊட்டுக் கொல்லையா, தங்கச்சி?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவர்.

தண்ணீர் வடிந்ததும், நீர்வழிகளில் இருக்கும் கட்டடங்களை எடுக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் மன்றத்தில் தீர்மானம் வைத்தார்கள். கால்வாய் எங்கள் இரண்டு வார்டுகள் வழியாகப் போகிறது என்பதால், முன்மொழிய வேண்டியது நான். வழிமொழிய வேண்டியது அவர். நான் முன்மொழிந்து உட்கார்ந்தேன். அவர் எழுந்து என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லாரும் பார்த்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க நைனா காலத்துல அது கால்வாதான். நா அதுல குளிச்சிருக்கேன். மனை போட்டு வித்தது நாங்கதான். கட்டிக்கோன்னு சொன்னதும் நாந்தான். இன்னா பண்றது? எடுக்கத்தான் வோணும். மொதல்ல எங்க மாட்டுக்கொட்டாய எடு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

தீர்மானம் நிறைவேறியது. அளந்து குறியிட்டபோது அக்காவின் பின்சுவரில் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் குளியலறை, சமையலறை, மூன்று ஜன்னல்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். வரும்போது ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சொதி கொண்டுவந்தாள். அவள் வீட்டில் விருந்தென்றால்தான் சொதி வைப்பாள்.

"ஏட்டி, என் வீட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டா என்ன? கால்வாய் அந்தாக்குல வளைஞ்சு போகாதா?"

"வளைஞ்சா அங்கதான் அடைக்கும், அக்கா."

"எனக்குத் தெரியும். என் வீட்டுக்குள்ளதான தண்ணி வந்துச்சு, எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கேக்கேன். நீ சொன்னா அவனுவ நிறுத்த மாட்டானுவளா?"

நிறுத்துவார்கள். ஒரு வீட்டுக்கு நிறுத்துவார்கள். அதைக் காட்டி அடுத்த வீட்டுக்காரர் கேட்பார். நான் இதைச் சொல்வதற்குள் அவளே எழுந்துவிட்டாள்.

"வித்தவன் கூட்டத்துல எந்திச்சுப் பேசி நல்லவனாயிட்டான். நீ கவுன்சிலர். வாங்கின நான்தான் ஆக்கிரமிப்பு. அப்படித்தான?"

கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். இன்று வரை அதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. என் கணவர் உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டில் சொதியை எடுத்து ஊற்றிக்கொண்டு, "நீ பண்ணது சரிதான். ஆனா அவங்களுக்கும் கோபம் வராம எப்படி?" என்று மட்டும் சொன்னார்.

இடிக்கிற அன்று நான் போகாமல் இருந்திருக்கலாம். அதிகாரிகள் வந்திருந்தார்கள், போலீஸும் இருந்தது. ஆனால் அக்கா மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "உங்க சித்தி வந்து நிக்கணும். நின்னு பாக்கணும்." போனேன். முதலில் மாட்டுக்கொட்டகை போனது. எருமைகளைக் கரைக்கு ஓட்டிவிட்டு மூத்தவர் ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி பிடித்தார். அடுத்து ஒவ்வொரு வீடாக. அக்கா பாத்திரங்களையெல்லாம் முன்னறைக்கு மாற்றிவிட்டு, சமையலறையைக் கூட்டி, துடைத்து, வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தாள். இடிக்கப் போகிற அறைக்கு. ஜேசிபி டிரைவர் கோலத்தைப் பார்த்துவிட்டு வண்டியை அணைத்துவிட்டார்.

"மேடம், நீ ஓரமா நில்லு. யம்மா, நீயும் உள்ள போயேம்மா" என்றார்.

அக்கா உள்ளே போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். இயந்திரத்தின் கை ஜன்னல் மேடையில் பட்டதும் சுவர் அப்படியே மொத்தமாகப் பின்னால் சாய்ந்தது. உட்புறம் வெளிச்சத்துக்கு வந்தது. மஞ்சள் கறை படிந்த அலமாரித் தட்டு, தாளிக்கிற இடத்துக்கு மேலே கறுத்த சுவர், பிள்ளைகளின் உயரத்தைக் கரியால் கோடு போட்டுக் குறித்த மூலை. என் பிள்ளைகளின் கோடுகளும் அதில் இருந்தன. அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன். அக்கா அழவில்லை. "பாத்துட்டேல்ல? வீட்டுக்குப் போ" என்றாள்.

அதன்பின் அந்தக் கோடை முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. கரையில் எதிரெதிரே வருவோம். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கடந்து போவாள். மற்ற பெண்கள் யார் பக்கம் நடப்பது என்று தெரியாமல் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். கால்வாயை ஆழப்படுத்தி, ஓரங்களில் கல் பதித்து, இரண்டு சிறுபாலங்கள் கட்டி முடித்தார்கள். ஆணையர் வந்து பார்த்து என்னைப் பாராட்டினார். எனக்கு அந்தப் பாராட்டை யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லக்கூடிய ஆள் பேசாமல் இருந்தாள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. போன வருட மழைக்குக் குறைவில்லை. கலங்கல் வழியத் தொடங்கிய காலையில் குடையை எடுத்துக்கொண்டு கால்வாயைப் பார்க்க ஓடினேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. ஆனால் முதல் சிறுபாலத்தில், ஏரியிலிருந்து அடித்து வந்த ஆகாயத்தாமரை மெத்தை போல அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. தூய்மைப் பணியாளர்கள் நான்கைந்து பேர் நீண்ட கம்புகளால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் போதவில்லை. நானும் கிடைத்த ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வேர்களில் சேறு. ஒவ்வொரு கொத்தும் பிணம் போல் கனத்தது.

கொஞ்ச நேரத்தில் என் கம்புக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பு வந்து அதே கொத்தைக் குத்திப் பிடித்தது. திரும்பினேன். புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு அக்கா.

"ஒத்தையா இழுத்தா வருமா? அந்தப் பக்கமா வெட்டி இழு" என்றாள்.

இழுத்தோம். எருமைக்கார மூத்தவர் தன் மகன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவிலிருந்து இன்னும் சிலர். ஒரு பெரிய திட்டு அறுத்துக்கொண்டு வெளியே வந்ததும், அடைபட்டிருந்த தண்ணீர் பாலத்துக்கடியில் ஒரு முழக்கத்தோடு பாய்ந்தது. எல்லாரும் கத்தினோம். எதற்குக் கத்தினோம் என்று தெரியாது, சும்மா கத்தினோம். அக்கா தலையிலிருந்து கால் வரை சேறாக நின்றுகொண்டு, தண்ணீர் போகிற திசையையே பார்த்தாள்.

"நல்லாத்தாம்ட்டி ஓடுது" என்றாள்.

"ஆமாக்கா."

"என் அடுப்படி அங்க நின்னிருந்தா இவ்வளவு ஓடியிருக்காது."

நான் கம்பைக் கரையில் சாய்த்து வைத்தேன்.

"அதுக்காக நீ செஞ்சது எனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சுக்காத" என்றாள். பிறகு, "வா, கால் கழுவிட்டுக் காபி குடிச்சிட்டுப் போ. முன்னறையிலதான் அடுப்பு வெச்சிருக்கேன். புகையும். பொறுத்துக்க."

போனேன். புகைந்தது. இரண்டு பேரும் இருமிக்கொண்டே குடித்தோம். அந்த வருடம் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை.

அடுத்த தேர்தலில் தோற்றேன். சுவர் போனவர்களெல்லாம் எனக்கு எதிராகப் போட்டிருப்பார்கள் என்று என் கணவர் கணக்குச் சொன்னார். இருக்கலாம். அக்கா எனக்குத்தான் போட்டதாகச் சொன்னாள், நான் நம்புகிறேன். ஏரியின் தென்மூலையில் இப்போது வேலி இருக்கிறது, இங்கே குப்பை கொட்டக் கூடாது என்று பலகை இருக்கிறது. பலகைக்குக் கீழேயே சில நாள் பிளாஸ்டிக் பை கிடக்கும். போன் செய்தால் எடுத்துவிடுகிறார்கள். கரையில் நடைபாதை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். தாமரை குறைந்துவிட்டது. கூழைக்கடாப் பறவை இரண்டு வருடமாகத் தவறாமல் வருகிறது. எருமைக்கார மூத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன்கள் எருமைகளை விற்றுவிட்டுப் பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கிறார்கள்.

அக்காவின் கணவர் ஓய்வு பெற்றதும் அவர்கள் ஓசூரில் இருக்கும் மகனோடு போய்விட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறாள். எனக்கு ஏரியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த ஜன்னல் மேடையின் சில்லிப்பும், காலுக்கடியில் போன தண்ணீரின் சத்தமும்தான் முதலில் வருகின்றன. அந்த அறை, அந்தத் தண்ணீர், இரண்டும் எனக்கு வேண்டியிருந்தன. ஒன்று போய்த்தான் மற்றது தங்கியது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகும், அந்த அறையை நான் மறக்கவில்லை.

போன தை மாதம் அம்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அக்கா வந்திருந்தாள். என் வீட்டில்தான் தங்கினாள். மண்டபத்தில் பழைய குவார்ட்டர்ஸ் ஆட்களிடம் என்னைத் தோளில் கை போட்டு இழுத்து, "இவதான் என் அடுப்படிய இடிச்சவ" என்று சொல்லிக்கொண்டே போனாள். கேட்டவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. திரும்பும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆவடி தாண்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். நாளைக் காலையில் கரைக்குப் போகலாம், ஆனால் நடைபாதையில் வேண்டாம், அந்தக் கல் முட்டிக்கு ஆகாது, கீழே மண்ணிலேயே நடக்கலாம் என்றாள். சரி என்றேன்.